பழைய பெற்றோல் லொறிகளில் இடைவிட்டு நிற்கும் எஞ்சின்

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் திடீரென அணைவதும், சற்று நேரம் கழித்து ஒன்றும் நடவாததுபோல மீண்டும் ஸ்ரார்ட் ஆவதும் பழைய பெற்றோல் லொறிகளில் காணப்படும் கோளாறு. கராஜ் வாசலுக்கு வந்ததும் லொறி ஒழுங்காக ஓடத் தொடங்கிவிடும். அதனால் இக்கோளாற்றைக் கண்டுபிடிப்பது திருத்துவதைவிடக் கடினம். மட்டக்களப்பு வாவியை அண்டிய ஊர்களில் இதற்கு உப்பும் ஈரமும் துணைபோகின்றன. உதிரிப்பாகங்களை ஐயுறுவதற்கு முன் அவற்றை இணைக்கும் வயர், ஆணி, எர்த் ஆகியவற்றை ஐயுறுவதே இங்கு பயன் தரும்.

டீசல் லொறிகளுக்கு இக்கட்டுரை பொருந்தாது. அவற்றில் தீப்பொறி என்ற ஏற்பாடே இல்லை. எரிபொருள் குழாயில் காற்றுப் புகுவதும் வடிகட்டி அடைபடுவதும் தனிக்கதை.

வாகனங்கள்

இலங்கைத் தெருக்களில் நீண்டகாலம் பாரம் சுமந்தவற்றுள் பெட்ஃபோர்ட் முதன்மையானது. அப்போது ஜெனரல் மோட்டோர்ஸுக்குச் சொந்தமாயிருந்த பிரித்தானியாவின் வொக்ஸ்ஹோல் நிறுவனம் 1931 முதல் இப்பெயரில் லொறிகளைச் செய்தது. ஒஸ்ரின், மொரிஸ் லொறிகளும் வில்லிஸ் ஜீப்புகளும், பிற்காலத்தில் ஜப்பானியப் பெற்றோல் பிக்-அப்களும் இதே வகைப் பற்றவைப்பைக் கொண்டவை. 1970 முதல் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புது வாகனம் அரிதாகிப்போனதால், இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓட்டுவது நாடெங்கும் வழக்கமானது. பெட்ஃபோர்ட்டுகள் பலவற்றில் பின்னர் டீசல் எஞ்சின் ஏறியது. பழைய எஞ்சினோடு எஞ்சியவற்றில் வயரிங் பல கைகள் பட்டது; எந்த நிற வயர் எங்கே போகிறது என்பதைக் கையேட்டைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

தீப்பொறி பிறக்கும் விதம்

அமெரிக்கப் பொறியியலாளர் சார்ள்ஸ் கெற்றறிங் வடிவமைத்து, 1910களின் தொடக்கத்தில் கடிலாக் கார்களில் இடம்பெற்ற முறையே அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய மாற்றமின்றி நீடித்தது. 12 வோல்ற் பற்றரியிலிருந்து சாவி வழியாகக் கொயிலின் முதற்சுற்றுக்குச் சுமார் 4 அம்பியர் மின்னோட்டம் போகிறது. டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் பொயின்ற் திறக்கும் கணத்தில் அது துண்டிக்கப்பட, கொயிலின் காந்தப்புலம் சரிந்து இரண்டாம் சுற்றில் 10,000 வோல்ற்றுக்கு மேல் எழுகிறது. ரோட்டர் அதை உரிய பிளக்குக்குப் பங்கிடுகிறது. பொயின்ற்றில் பொறி பறந்து உலோகம் கருகாமல் காப்பதும் துண்டிப்பை விரைவாக்குவதும் கண்டென்சரின் வேலை.

ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 தடவை சுழன்றால் வினாடிக்கு 100 தீப்பொறிகள் வேண்டும். பொயின்ற் இடைவெளி லூக்காஸ் வகைகளில் 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர், அரை மில்லிமீற்றருக்கும் குறைவான அந்த இடத்தில் சிறிது எண்ணெயோ உப்புப் பூச்சோ படிந்தாலும் கணக்குத் தவறும்.

வாவியும் உப்பும்

கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடிப் பக்கமாக நீளும் எழுவான்கரை, கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக இருபுறமும் நீர் சூழ்ந்த ஒடுங்கிய நிலம். சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டும்போது தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகிறது. கரையோரத்தில் இரவும் விடியற்காலையும் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். பகலில் டிஸ்ரிபியூற்றர் மூடிமேல் கிடக்கும் உலர்ந்த உப்புத்தூசியால் கெடுதல் இல்லை. விடியற்காலையில் அதே தூசி மின்சாரம் கசியும் படலமாகிறது. ஒருமுறை கசிந்த தடத்தில் பேக்லைட் கரியாகி, மயிரிழை போன்ற கறுப்புக் கோடு விழும். அதன்பின் மூடியை எவ்வளவு துடைத்தும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஐப்பசி தொடங்கித் தை வரையான வாடைக்கால மழை இன்னொரு வழியில் தாக்குகிறது. வெள்ளம் ஏறிய தெருவில் போகும்போது விசிறி நீரை வாரி எஞ்சின்மேல் எறியும். விசிறி வாரைக் கழற்றிவிட்டு வெள்ளத்தைக் கடப்பது பழைய சாரதிகளின் உபாயம். குறுகிய தூரத்துக்கு அது சரி, மறந்துபோனால் எஞ்சின் கொதித்துவிடும்.

மிகுந்த தொல்லை தருவது எர்த். எஞ்சின் இறப்பர் தாங்கிகள்மேல் அமர்ந்திருப்பதால் அதையும் சட்டத்தையும் இணைக்க ஒரு பின்னல் பட்டி தேவை. பட்டியின் ஆணி கறள் பிடித்துவிட்டால் ஸ்ராட்டரின் பெரும் மின்னோட்டம் திரும்பிப்போக வேறு வழி தேடி, அக்சிலறேற்றர் கேபிள், சோக் கேபிள் வழியாகப் பாயும். ஸ்ரார்ட் செய்தபின் இக்கேபிள்கள் கையைச் சுட்டால் அதற்குமேல் சாட்சி வேண்டாம். இந்த நிலையில் புதுப் பற்றரி வாங்கிப் போட்டவர்கள் ஏராளம். போடும்போது பற்றரியின் எர்த் முனையைச் சுரண்டி முறுக்குவதால் லொறி சில வாரங்கள் நன்றாக ஓடும். பற்றரிதான் பிழை என்று முடிவாகிவிடும்.

வயருக்குள் ஊறும் உப்புநீர் இன்னும் நயவஞ்சகமானது. செப்பு இழைகளுக்கிடையே அது ஏறி, மேலுறை பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே பச்சைக் களிம்பாக்கிவிடும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடல்நீர் குடித்த வாகனங்களைப் பொறுத்தவரை, வயரிங் முழுவதையும் மாற்றாமல் ஓட்டினால் இத்தகைய தொல்லை மாதங்கள் கழித்தும் தலைகாட்டக்கூடும்.

கண்டறியும் முறை

முதற்கேள்வி எஞ்சின் நின்ற விதம் பற்றியது. சாவியைத் திருப்பி அணைத்ததுபோலச் சட்டென நின்றால் மின்கோளாறு. இழுவை குறைந்து, குலுக்கி, இருமி நின்றால் பெற்றோல் வரவில்லை. விதிவிலக்குகள் உண்டு என்றாலும் இந்த ஒரு விவரம் பாதி வேலையை முடித்துவிடும். ஓட்டியவரைக் கேட்காமல் பானாவைக் கையிலெடுக்கும் மெக்கானிக் அந்தப் பாதியை இழக்கிறார்.

நின்ற இடத்திலேயே, எதையும் தொடுவதற்கு முன், ஹோர்னையும் விளக்கையும் பார்க்க வேண்டும். பல பழைய லொறிகளில் ஸ்ராட்டரைத் தவிர்ந்த எல்லா மின்னோட்டமும் அம்மீற்றர் வழியாகப் போகும். விளக்கும் ஹோர்னும் சேர்ந்து செத்திருந்தால் பற்றரி முனை, பிரதான வயர், அம்மீற்றரின் பின்புற ஆணிகள் ஆகியவற்றில் ஒன்று தளர்ந்திருக்கிறது. அவை வேலைசெய்து எஞ்சின் மட்டும் நின்றிருந்தால் சாவிக்கு அப்பால் தேட வேண்டும். பற்றரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து கொயிலுக்கு ஒரு தனி வயரை இழுத்துப் பார்க்கலாம். எஞ்சின் உடனே பற்றி நிற்காமல் ஓடினால் சாவியோ இடையிலுள்ள வயரோ குற்றவாளி. தடை வயர் பொருத்திய கொயிலை இவ்வாறு நெடுநேரம் ஓட்டினால் கொயில் சூடேறிக் கெடும்.

அடுத்தது சோதனை விளக்கு. கொயிலிலிருந்து டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் முனைக்கும் எர்த்துக்கும் இடையே அதைப் பிடித்து எஞ்சினைச் சுழற்றினால் விளக்கு மினுங்க வேண்டும். தொடர்ந்து எரிந்தால் பொயின்ற் மூடவில்லை, அல்லது அழுக்கேறியுள்ளது. எரியவே இல்லையென்றால் கொயிலுக்கு மின் வரவில்லை, முதற்சுற்று அறுந்துள்ளது, அல்லது பொயின்ற் பக்கம் எங்கோ எர்த் ஆகிறது. கண்டென்சர் உள்ளுக்குள் எர்த் ஆனாலும் இதே அடையாளம்தான்.

விளக்கு மினுங்கியும் எஞ்சின் பற்றாவிட்டால், கொயிலின் நடு வயரை எஞ்சின் உடலிலிருந்து 6 மில்லிமீற்றர் தள்ளி, காப்பிட்ட இடுக்கியால் பிடித்துப் பார்க்கலாம். தடித்த நீலப்பொறி வெடித்துப் பாய வேண்டும். மெலிந்த மஞ்சள் பொறி போதாது. காபுரேற்றர் ஒழுகும் லொறியில் இச்சோதனை வேண்டாம்.

தனியே குறிப்பிட வேண்டிய ஒன்று டிஸ்ரிபியூற்றருக்குள் ஓடும் சிறு வயர். வெளி முனையிலிருந்து பொயின்ற்றுக்குப் போகும் இதுவும், பொயின்ற் தட்டை எர்த் செய்யும் மெல்லிய பின்னலும், தீப்பொறி நேரத்தை மாற்றும் வெற்றிட முன்னகர்த்தி தட்டை அசைக்கும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்கின்றன. ஆண்டுக்கணக்கில் வளைந்த இழைகள் உறைக்குள்ளேயே அறுந்துவிடும். உறை மட்டும் முழுசாக நிற்கும். அறுந்த முனைகள் தட்டின் ஒரு நிலையில் தொடும், மறு நிலையில் விலகும். அக்சிலறேற்றரை மிதித்தால் எஞ்சின் வெட்டும், விட்டால் சரியாகும். பெற்றோல் குறைவு என்று எண்ணிக் காபுரேற்றரைப் பல தடவை கழுவவைக்கும் கோளாறு இதுவே. வயரை இரு விரலால் மெல்ல இழுத்தால் அறுந்த இடத்தில் இறப்பர்போல நீளும்.

சூட்டில் மட்டும் வரும் கோளாறில் கொயிலும் கண்டென்சரும் முதலில் நினைவுக்கு வரும். அரை மணி நேரம் ஓடி நின்று, கால் மணி நேரம் ஆறியபின் பற்றுவது கொயிலின் குணம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும் நண்பகலில் பெற்றோல் பம்பிலும் குழாயிலும் ஆவி அடைத்தாலும் அதே குணம்தான். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போகும் வாகனங்கள் மண்முனைத் துறையில் பாதை எனப்படும் மிதவைக்காகக் காத்துக்கிடந்தன. ஓடிச் சூடேறிய எஞ்சினை அணைத்ததும் நீரோட்டமும் விசிறியும் நின்று, வெப்பம் பம்புக்கும் காபுரேற்றருக்கும் ஏறும். பாதை வந்து சேரும் வேளையில் லொறி பற்றாது. ஈரத்துணியைக் கொயிலில் போர்த்தி ஒருமுறை, பம்பில் போர்த்தி ஒருமுறை பார்த்தால் எது என்று பிரிந்துவிடும். இரண்டிலும் ஒரே வேளையில் போர்த்தினால் லொறி பற்றும், காரணம் தெரியாது.

மின்கோளாறுபோல் தோன்றுபவை

பெற்றோல் தாங்கியின் அடியில் உதிர்ந்த கறள் உறிஞ்சுகுழாயின் வாயை அடைக்கும். எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் விட்டு அது கீழே விழ, மீண்டும் எல்லாம் சரி. தாங்கி மூடியின் காற்றுத்துளை அடைபட்டாலும் இப்படித்தான். நின்றவுடன் மூடியைத் திறந்தால் காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும்.

பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருப்பது இன்னொன்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் எரிபொருள் தடை நிலவிய ஆண்டுகளில், யாழ்ப்பாணத்தில் பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அக்கார்களின் அமுக்கவீதம் குறைவாக இருந்ததே அதற்கு இடம்கொடுத்தது. பிளக்கில் கரி படிதலும் எஞ்சின் எண்ணெய் நீர்த்துப்போதலும் அதற்கான விலை. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏற்றப்படும்வரை அது பெற்றோலைவிட மிக மலிவு, கலப்படத்துக்கு ஆசை காட்டும் அளவுக்கு. பிளக்கின் நுனி ஈரக்கறுப்பாக இருந்து, ஆறிய எஞ்சின் பற்ற மறுத்தால் வயரை விட்டுவிட்டுப் பெற்றோலை முகர்ந்து பார்க்கலாம்.

திருத்தம்

எர்த் ஆணிகளைக் கழற்றி, வெற்று உலோகம் தெரிய எமரித் தாளால் தேய்த்து, முறுக்கியபின் மேலே வாசலின் பூச வேண்டும். முறுக்கிச் சுற்றிய வயர் இணைப்புகளை ஈயம் பற்றவைத்து மூட வேண்டும். கறுப்பு நாடா மட்டும் சுற்றினால் அது ஈரத்தை உள்ளே தேக்கும். கண்டென்சரை மாற்றினால் ஓடிக்கொண்டிருந்த பழையதை எறியாமல் வைத்திருப்பது நல்லது, ஏனெனில் சந்தையில் கிடைக்கும் போலிகளுள் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே சாகிறவையும் உண்டு. பொயின்ற்றுக்குப் பதிலாக இலத்திரனியல் தொகுதி பொருத்துவோர், இதே எர்த்தும் இதே சாவி வயரும் அதற்கும் தேவை என்பதால் முதலில் அவற்றைச் சீர்செய்ய வேண்டும். குறைந்த வோல்ற்றில் பொயின்ற் எப்படியோ சமாளித்து ஓடும். அத்தொகுதிகளில் பல அப்போது வேலையை நிறுத்திவிடும்.