அமரம் உண்டவர்கள்

திருமயம் கோட்டையின் உச்சியில் இன்றும் ஒரு பீரங்கி நிற்கிறது. 1687-இல் இராமநாதபுரத்துச் சேதுபதி எழுப்பிய கோட்டை அது. பின்னர்ப் புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் கைக்கு வந்தது. ஏறிப் பார்க்க வருவோர், கட்டிய மன்னர் யாரென்று கேட்கிறார்கள். மதிலில் இரவெல்லாம் காவல் நின்றவன் எதை உண்டான், அவனுக்குப் படியளந்தவர் யார் என்று கேட்பவரை நாம் கண்டதில்லை.

புதுக்கோட்டைச் சீமையில் அக்கேள்விக்கு விடை ‘அமரம்’ என்ற ஒரு சொல்லில் இருந்தது. அமர் என்றால் போர். அதிலிருந்து பிறந்த சொல் இது என்பாரும் உளர். விசயநகர வேந்தர் காலத்து ‘அமரநாயக’ முறையோடு வந்து சேர்ந்தது என்பதே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. பொருள் எளியது: போருக்கு வருவதாக ஒப்புக்கொண்டவனுக்கு அரசு நிலம் விடும். அதை உழுது அவன் குடும்பம் பிழைக்கும். அழைப்பு வந்தால் ஏரை விட்டு வேலை எடுப்பான். தந்தைக்குப்பின் மகன், நிலத்தோடு கடமையையும் ஏற்பான். இவர்களே அமரகாரர்.

இவர்களுக்கும் மன்னருக்கும் நடுவே நின்றவர் சேர்வைக்காரர். தம் பிழைப்புக்கென்று சீவித நிலம் பெற்று, தம் கீழுள்ள அமரகாரரைத் திரட்டிக் களத்துக்கு நடத்திச் செல்வது அவர் பொறுப்பு. படைநடத்தும் திறமை மட்டும் அதற்குப் போதாது. யாருடைய வீட்டில் சாவு, யாருடைய வயலில் அறுவடை நிற்கிறது, யார் அஞ்சுவான், யார் அஞ்சான் என்பதெல்லாம் அறிந்தவரால்தான் ஊரிலிருந்து ஆளைக் கிளப்ப முடியும். இன்றைய இந்தியத் தரைப்படையில் சிப்பாய்க்கும் மேலதிகாரிக்கும் இடையே சுபேதார் நிற்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

இம்முறையின் பலத்தைத் திருச்சிராப்பள்ளிப் போர் காட்டியது. 1753, 1754ஆம் ஆண்டுகளில் முற்றுகைக்குள் இருந்த ஆங்கிலேயர்க்கும் முகமது அலிக்கும் தொண்டைமான் நாட்டிலிருந்தே தானியம் சென்றது. அந்தத் தானியத்தைக் காவலோடு கொண்டு சேர்த்தவர்களுள் ஒருவர் கும்பினிச் சிப்பாய்களின் தலைவர் யூசுப்கான். நாம் மருதநாயகம் என்று அறிந்தவர். சினமுற்ற பிரெஞ்சுத் தளபதி மெய்சின் 1754-இல் தொண்டைமான் நாட்டுக்குள் புகுந்து சூறையாடியபோது, மக்கள் ஆடுமாடுகளோடு காட்டுக்குள் மறைந்தனர்.

அந்தக் காட்டு வழிகளில் இருவகைப் படைவீரர் சந்தித்தனர் என்பதை நாம் மறக்கலாகாது. ஒருவன் தன் ஊர் நிலத்தால் கட்டுண்டவன். மற்றவன் கும்பினியிடம் மாதச் சம்பளம் வாங்குபவன். எங்கு அனுப்பினாலும் போவான். 1758-இல் கும்பினி தன் சிப்பாய்களைப் பட்டாளங்களாக அமைத்தபோது, எதிர்காலம் இரண்டாமவன் பக்கம் சாய்ந்துவிட்டது. யூசுப்கானோ அதே கும்பினியோடும் நவாபோடும் பகைத்து 1764-இல் தூக்கிலிடப்பட்டார். சம்பளமும் விசுவாசத்துக்கு உறுதிச்சீட்டன்று போலும்!

1799-இல் வீரபாண்டிய கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர்களும் தொண்டைமானின் ஆட்களே. இதைச் சொல்லத் தயங்குவோர் நம் மாவட்டத்தில் உண்டு. பழியை ஏவல் பெற்றுச் சென்ற அமரகாரன் தலையில் ஏற்றுவது முறையன்று என்பது நம் கருத்து; ஆணையிட்ட இடம் வேறு. ஆனால் நிலத்தை உண்டவன் ஆணையை மறுக்க முடியுமா என்ற கேள்வி நம்மை விட்டு அகலுவதில்லை. யோர்தான் கரையில் படைவீரர் வந்து தாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது, திருமுழுக்கு யோவானும் அவர்களுடைய ஊதியத்தைப் பற்றியே பேசினார் என்பது நினைவுக்கு வருகிறது.

1801-இல் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்தன. கும்பினியின் நிழலில் இருந்த சமஸ்தானத்துக்குப் போரிட எதிரியே இல்லாமற் போனது. நிலம் இருந்தது, ஆள் இருந்தான், வேலை இல்லை. அமரகாரர் அரண்மனைக் காவலுக்கும் ஏவல் வேலைகளுக்கும் நின்றனர். வாள்பிடித்தவனின் பேரன் ஓலை கொண்டு ஓடினான். சேர்வைக்காரரின் நிலைமை இன்னும் இரங்கத்தக்கது. நடத்திச் செல்லப் படையில்லாத தலைவர் அவர். 1854-இல் சமஸ்தானத்தில் மூண்ட கிளர்ச்சிக்குத் தலைமை ஏற்றவர் வெங்கண்ணன் சேர்வைக்காரர் என்பதை இவ்விடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். கும்பினி துணைநிற்க, அது அடக்கப்பட்டது.

முடிவைக் கொணர்ந்தவர் திவான் சேஷய்ய சாஸ்திரி. 1888-இல் நடந்த இனாம் ஏற்பாட்டில் அமர நிலங்கள் பணிக்கடமையினின்று விடுவிக்கப்பட்டன. உடையவர் சிறு வரி கட்டினால் போதும். திவான் செய்தது இரக்கமான செயல் என்றே நாம் எண்ணுகிறோம். நிலத்தைப் பறித்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் தெருவில் நின்றிருக்கும். ஆயினும் அன்றோடு ஒரு தொழில் முடிந்தது. அமரகாரன் உழவனானான்.

1948 மார்ச் 3ஆம் நாள் சமஸ்தானமும் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அமரம் என்ற சொல்லை இன்று பழைய ஆவணங்களில்தான் தேடவேண்டியிருக்கிறது. ‘சேர்வை’ மட்டும் பலர் பெயருக்குப் பின்னே பட்டமாக ஒட்டிக்கொண்டு, வாக்காளர் பட்டியலிலும் திருமண அழைப்பிதழிலும் இன்றும் வந்துகொண்டிருக்கிறது.