போதைப்பொருள்: வைத்திருத்தலும் கைமாற்றுதலும் – சட்டம் கோடு போட்டிருப்பது எங்கே?

மாதகல் தொடக்கம் வடமராட்சி வரையான கரையோரத்தில் பொதி பொதியாகக் கேரள கஞ்சா கைப்பற்றப்படுவதும், ஹெரோயின் அல்லது ஐஸ் போதைப்பொருளுடன் இளைஞர்கள் கைதாகி நீதவான் நீதிமன்றங்களில் முற்படுத்தப்படுவதும் யாழ்ப்பாணக் குடாநாட்டு வாசகர்களுக்குப் புதிய செய்திகள் அல்ல. ஆனால் கைது நிகழ்ந்த பின்னர் சட்டம் எதைக் கேட்கிறது, எதை நிரூபிக்க வேண்டும், எவர் நிரூபிக்க வேண்டும் என்பவற்றை அறிந்தோர் எம்மிடையே மிகச் சிலரே. பாவிப்பவன் வேறு, விற்பவன் வேறு, காசு வாங்காத வரையில் எவனும் வியாபாரி ஆகமாட்டான் என்றதோர் எண்ணம் இளைஞர் மத்தியில் வேரூன்றியுள்ளது. சட்டம் அந்த இடத்தில் கோடு போடவில்லை. இந்தத் தவறான எண்ணத்தின் விலை ஓர் இளைஞனின் ஆயுட்காலமாகவும் இருக்கக்கூடும் என்பதாலேயே இவ்விடயத்தை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

எமது நாட்டில் இக்குற்றங்களுக்கான அடிப்படைச் சட்டம் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டமாகும். ஹெரோயின் இலங்கையில் பரவத் தொடங்கிய காலத்தில், 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இதில் 54அ என்னும் பிரிவைச் சேர்த்தது. அதன்படி 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினை வியாபாரம் செய்தாலும், இறக்குமதி செய்தாலும், வெறுமனே உடைமையில் வைத்திருந்தாலும் தண்டனை மரணம் அல்லது ஆயுட்காலச் சிறை. கொக்கெயினுக்கும் எல்லை அதே 2 கிராம்தான். 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஐஸ் என வழங்கும் மெத்தம்பெற்றமைனையும் இவ்வரிசையில் சேர்த்தது. அதற்கான எல்லை 5 கிராம். கஞ்சாவுக்கு மரண தண்டனை விதிக்கப்படுவதில்லை. எனினும் அளவு கூடும்போது வழக்கு மேல் நீதிமன்றத்துக்குச் செல்லும், தண்டனையும் கூடும்.

இனி, உடைமை என்றால் என்ன? ஒரு பொருள் ஒருவரின் அருகில் கிடந்தது என்பது மாத்திரம் உடைமை ஆகாது. அப்பொருள் அவருடைய கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும். அது அங்கிருப்பதை அவர் அறிந்திருக்கவும் வேண்டும். முச்சக்கர வண்டியில் பயணி ஒருவர் விட்டுச்சென்ற பையில் ஹெரோயின் இருந்தால், அதை அறியாத சாரதி அதன் உடைமையாளர் அல்லர். நால்வர் வாழும் வீட்டின் பொது அறையில் பொதியொன்று அகப்பட்டால், அது எவருடைய கட்டுப்பாட்டில் இருந்தது என்பதை வழக்குத்தொடுநர் தரப்பு காட்டியாக வேண்டும். மறுபுறத்தில், பொருள் சட்டைப்பையில் இருந்தால்தான் உடைமை என்பதும் இல்லை. வளவின் மூலையில் தாமே புதைத்து வைத்துவிட்டு வெளியூர் சென்றவரும் சட்டத்தின் கண்ணில் உடைமையாளரே. அறிந்து வைத்திருத்தல் என்னும் இக்கோட்பாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் 2015ஆம் ஆண்டில் மோகன்லால் எதிர் ராஜஸ்தான் மாநிலம் என்னும் வழக்கில் விரிவாக ஆராய்ந்துள்ளது.

அப்படியாயின் "பெட்டிக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது" என்று கூறி எவரும் தப்பிவிடலாமே என வாசகர்கள் கேட்கலாம். 1968ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வோர்னர் வழக்கில் இக்கேள்வியையே எதிர்கொண்டது. இரு பெட்டிகளை வைத்திருந்தார் ஒருவர். ஒன்றில் வாசனைத் திரவியமும் மற்றதில் தடைசெய்யப்பட்ட மாத்திரைகளும் இருந்தன. இரண்டிலும் வாசனைத் திரவியமே இருப்பதாக நம்பினேன் என்றார் அவர். பெட்டியைத் தம் பொறுப்பில் கொண்டவர் அதனுள் இருப்பதையும் வைத்திருந்தவராகவே முதலில் கருதப்படுவார். ஆயினும் உள்ளிருந்தது முற்றிலும் வேறு இயல்பான பொருள் என நம்பியிருந்து, திறந்து பார்க்க வாய்ப்பும் இல்லாதிருந்தவரின் நிலை வேறு என்பதே அங்கு பிறந்த கோட்பாட்டின் சாரம். ஆயினும் அவருடைய மேன்முறையீடு தள்ளுபடியாயிற்று. சந்தேகத்துக்கு இடமிருந்தும் திறந்து பாராமல் கண்ணை மூடிக்கொண்டவருக்கு அறியாமை கவசம் ஆகாது. அறிமுகமற்றவரின் பொதியைக் கொழும்புக்கு எடுத்துச் செல்ல உடன்படும் எமது பிள்ளைகள் இதை மனங்கொள்ள வேண்டும்.

அடுத்தது வியாபாரம். இங்குதான் மேற்குறித்த தவறான எண்ணம் பேராபத்தாக மாறுகின்றது. கட்டளைச் சட்டத்தின்படி வியாபாரம் என்பது விற்பதை மட்டும் குறிக்காது. கொடுத்தல், பெற்றுக்கொடுத்தல், களஞ்சியப்படுத்தல், ஏற்றிச் செல்லல், அனுப்புதல், கையளித்தல், பகிர்ந்தளித்தல் ஆகிய யாவும் வியாபாரமே. இவற்றுள் ஒன்றைச் செய்யத் தயார் என முன்வருவதும் வியாபாரமே. இலாபம் இருக்க வேண்டும் என்றோ பணம் கைமாற வேண்டும் என்றோ சட்டம் நிபந்தனை விதிக்கவில்லை. நண்பர்கள் மூவர் காசு சேர்த்து, நான்காமவர் போய் வாங்கிவந்து பகிர்ந்தளித்தார் என வைத்துக்கொள்வோம். தான் பாவனையாளன் மட்டுமே என அந்த நான்காமவர் நினைக்கின்றார். சட்டமோ அவரைப் பெற்றுக்கொடுத்தவராகவும் பகிர்ந்தளித்தவராகவும் காண்கிறது. குடாநாட்டின் ஒவ்வொரு பாடசாலையிலும் தனியார் கல்வி நிலையத்திலும் எடுத்துச் சொல்லப்பட வேண்டிய உண்மை இதுவாகும்.

அளவை வைத்தே நோக்கத்தை ஊகிக்கும் சட்டங்களும் உலகில் உள்ளன. சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 கிராமுக்கு மேற்பட்ட ஹெரோயின் வைத்திருப்பவர் வியாபாரத்துக்காகவே வைத்திருந்தார் என ஊகிக்கப்படும். அவ்வாறன்று என நிரூபிப்பது குற்றஞ்சாட்டப்பட்டவரின் சுமை. 42 கிராமுக்குச் சற்று அதிகமான ஹெரோயினுடன் 2009இல் கைதான மலேசியத் தமிழ் இளைஞர் ஒருவர் 2022 ஏப்ரலில் அங்கு தூக்கிலிடப்பட்டபோது உலகத் தமிழர் பலர் துயருற்றமை நினைவிருக்கலாம்.

அளவு என்னும்போது, பொலிஸார் நிறுத்த பொதியின் எடையும் அதிலுள்ள தூய போதைப்பொருளின் எடையும் ஒன்றல்ல. சந்தையில் கிடைக்கும் ஹெரோயின் பிற தூள்களுடன் கலக்கப்பட்டது. 5 கிராம் தூளில் தூய ஹெரோயின் ஒன்றரைக் கிராம் மட்டுமே இருப்பின், மரண தண்டனைக்கான 2 கிராம் எல்லையை அது எட்டுவதில்லை. எனவே கைது செய்தியில் வரும் எடையை வைத்து எவருக்கும் நாம் தீர்ப்பெழுத முடியாது. அரச பகுப்பாய்வாளரின் அறிக்கையே வழக்கின் அச்சாணியாகும்.

அந்த அறிக்கைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கைப்பற்றிய பொருள்தான் பகுப்பாய்வாளரை அடைந்தது என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும். பெரேரா எதிர் சட்டமா அதிபர் வழக்கில் எமது மேன்முறையீட்டு நீதிமன்றம், சான்றுப்பொருள் பகுப்பாய்வாளரிடம் செல்லும் உள்நோக்கிய பயணமே மிக முக்கியமானது என்றும், வழியில் அதில் கைவைக்க வாய்ப்பிருக்கவில்லை என்பதை வழக்குத்தொடுநர் காட்ட வேண்டும் என்றும் கூறியது. 1998ஆம் ஆண்டின் இலங்கைச் சட்ட அறிக்கைகளில் இத்தீர்ப்பு இடம்பெற்றுள்ளது. யாழ்ப்பாணத்தில் கைப்பற்றப்படும் பொருள் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் கடந்தே தலைநகர்ப் பக்கம் சென்றடைகிறது. முத்திரையிடல், நிறுத்தல், பதிவேட்டில் எழுதல் என்பவற்றில் காட்டும் சிறு அசட்டையும் உண்மையான வியாபாரி ஒருவர் விடுதலையாகக் காரணமாகலாம். அதே அசட்டை நிரபராதி ஒருவரைச் சிக்கவைக்கவும் கூடும். ஒழுங்குமுறையை வலியுறுத்துவது குற்றவாளிக்கு இரங்குவது அன்று.

பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த குற்ற ஒப்புதலைச் சாதாரண சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் எதிராகப் பயன்படுத்த முடியாது என எமது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியாவிலும் தூபான் சிங் எதிர் தமிழ்நாடு மாநிலம் என்னும் வழக்கில் 2020ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இப்பாதுகாப்பைப் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் அளிக்கும் ஒப்புதல்களுக்கும் நீட்டித்தது.

குடும்பங்களை முதலில் நிலைகுலையச் செய்வது பிணை மறுப்பாகும். 54அ பிரிவின்கீழ்ச் சந்தேகிக்கப்படும் ஒருவருக்கு நீதவான் பிணை வழங்க முடியாது. விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால் மாத்திரமே மேல் நீதிமன்றம் வழங்கலாம். மரண தண்டனைக்குரிய குற்றத்தில் தூய அளவு 10 கிராம் அல்லது அதற்கு மேல் எனின், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அந்த அதிகாரம் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே உரியது. உழைக்கும் ஒரே பிள்ளை விளக்கமறியலில் இருக்க, கொழும்புக்கு அலையும் தாயின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். வசதியற்றோர் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தை நாடலாம் என்பதை இங்கு குறிப்பிட விரும்புகின்றோம்.

எமது நாட்டில் 1976 ஜூனுக்குப் பின்னர் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை. 2019இல் போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிட அன்றைய ஜனாதிபதி ஒப்பமிட்டபோதும் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. கடும் தண்டனை ஏட்டில் இருந்து நாற்பது ஆண்டுகள் கடந்தும் போதைப்பொருள் எமது ஒழுங்கைகளை விட்டு அகலவில்லை என்பதையும் மறுக்க இயலாது. அடிமையானவரைக் குணப்படுத்தவென 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. தாமாக முன்வருவோருக்கும் நீதிமன்றக் கட்டளையின் பேரில் அனுப்பப்படுவோருக்கும் அது சிகிச்சைக்கு வழி செய்கிறது. கைதாகும் வரை காத்திராமல் இவ்வழியை நாடும் பெற்றோர் தம் பிள்ளையைச் சிறையினின்றும் காப்பவராவர்.

இறுதியாக ஒன்று. கைதானவரின் பெயரைப் பார்த்து அவருடைய சமூகத்தின்மீது பழிசுமத்தும் போக்கு தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் அவ்வப்போது தலைகாட்டுகின்றது. குற்றப் பொறுப்பு தனிமனிதருக்கு உரியது. எவர் அறிந்திருந்தார், எவர் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார், எவர் கைமாற்றினார் என்பனவே சட்டம் கேட்கும் வினாக்கள். எந்தத் தெருவில் பிறந்தார் என்பது அதன் வினா அன்று. இந்த நஞ்சைக் கோவிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே குரலில் கண்டிக்கின்றன. அக்கண்டனத்தோடு, நண்பனுக்கு இனாமாகக் கொடுப்பதும் சட்டத்தில் வியாபாரமே என்ற ஒரு வாக்கியத்தையும் அவை இளைஞரின் செவியில் போடுமாயின், பல வீடுகளின் விளக்கு அணையாமல் காக்கப்படும்.