குண்டும் காவலும்

பினாங்குத் தீவுக்கு எதிரேயுள்ள செபராங் பிறையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புலிகள் உலவின. அதற்கப்பால் விரிந்த தீபகற்பக் காடுகளில் யானையும், மலாய் மக்கள் செலாடாங் என்றும் சங்கச் சான்றோர் ஆமா என்றும் வழங்கிய காட்டுமாடும் திரிந்தன.

அவற்றை வேட்டையாடியோர் முதற்கண் அறிய வேண்டியிருந்தது குண்டின் இயல்பு. முனையில் ஈயம் வெளித்தோன்றும் குண்டு உடலுட் புகுந்ததும் மலர்ந்து அகலும். புலிக்கு அஃது ஏற்றது. யானையின் மண்டையோட்டை ஊடுருவ, முழுதும் உலோக உறையிட்ட உருக்குலையாத குண்டே வேண்டும். தேர்வு பிழைத்தால் விலங்கு புண்ணோடு காட்டுள் ஓடி நாட்கணக்கில் நோகும். மலரும் குண்டு கொடியதென 1899இல் தி ஹேக் மாநாடு போரில் அதனை விலக்கியது. வேட்டையிலோ, விரைந்து கொல்வதால் அதுவே இரக்கம் எனப்பட்டது.

யானை, செலாடாங் வேட்டை பற்றி 1905இல் நூல் எழுதிய தியோடர் ஹப்பேக், பின்னாளில் விலங்குகளின் காவலரானார். அவர்தம் முயற்சியால் 1938-39இல் அமைந்த காப்பகமே இன்றைய தாமான் நெகாரா. ஆயினும் மலேசியக் காடுகளில் காண்டாமிருகம் அற்றுப்போனதென 2015இல் அறிவிக்கப்பட்டது. தக்க குண்டு நோவைக் குறைக்கும். இனத்தைக் காப்பது காடே. வேட்டைக்காரர் ஒருவர் கண்டுணர்ந்த இவ்வுண்மை நாமும் உணரத்தக்கதாம்.