ஆளுக்கேற்ற வில்

மோட்டார் சைக்கிளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதன் வேகத்தையே பேசினர். மனிதனின் எடையை ஏற்க அது எவ்வாறு பழகிற்று என்பதை நாம் இங்கே காண்போம்.

தொடக்ககால வண்டிகள் பலவற்றில் பின்சக்கரம் சட்டத்தோடு அசையாது பிணைந்திருந்தது. குழியின் அதிர்ச்சியை இருக்கைக்கடியிலிருந்த விற்களே தாங்கின. மெலிந்தவர்க்கும் பருத்தவர்க்கும் அவை ஒன்றே. பின்சக்கரத்துக்குச் சுருள்வில் வந்த பின்னரும் சிக்கல் தீரவில்லை. எடை குறைந்தவர் ஏறினால் வில் அமுங்காது; வண்டி அவரைத் தூக்கி எறியும். மிகுந்தவர் ஏறினாலோ முன்னமே அமுங்கிய வில்லுக்கு அடுத்த மேட்டைத் தாங்க இடமிராது. ஆள் அமர்ந்ததும் வில்லின் இயக்கத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அமுங்குவதே தகும்.

இங்கிலாந்தின் வெலோசெட் நிறுவனத்தார் 1950களில் கையாண்ட வழி நயமானது. பின்வில்லின் மேல்முனையை வளைந்த பள்ளமொன்றில் நகர்த்திப் பொருத்தினர். வில் சாய்ந்தால் இளகும், நிமிர்ந்தால் உறுதிப்படும். பிறர் வில்லின் அடியில் படிகளுள்ள வளையம் வைத்தனர். அது வண்டியை உயர்த்துமேயன்றி வில்லின் கடினத்தை மாற்றாது. எளிமையால் அதுவே பரவிற்று என்பது நம் எண்ணம்.

1955இல் சென்னையில் என்பீல்டு நிறுவனம் தோன்றியது. அதன் புல்லட் வண்டியில் நம் நாட்டுக் குடும்பங்கள் இருவராகவும், குழந்தையோடு மூவராகவும் ஏறின. அவ்வேளை வில் அடிதட்டினால் அடிபடுவது பெரும்பாலும் பின்னிருப்பவரின் முதுகே. வளையமுள்ள வண்டியில் துணையோடு செல்லுமுன் அதை ஓரிரு படி ஏற்றுக. தனியே திரும்புகையில் மறவாது இறக்குக.