திருவாதிரை எவ்வளவு பெரிசு?

மார்கழித் திருவாதிரையன்று ஸ்ரீவராகத்தில் எங்கள் வீடுகளில் களி கிண்டுவோம். பக்கத்து மலையாள வீடுகளில் பெண்கள் களி ஆடுவார்கள். ஒரே சொல், இங்கே பலகாரம், அங்கே ஆட்டம். இரண்டுக்கும் காரணமான அந்தச் செந்நிற விண்மீன் எத்தனை பெரிது என்று எப்படிக் கண்டார்கள்? அந்தக் கதையில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு.

கொல்லன் உலையில் சிவந்த இரும்பைவிட வெளுக்கக் காய்ந்த இரும்பு அதிகமாக ஒளிரும். வெப்பம் இரு மடங்கானால், அதே பரப்பிலிருந்து வரும் ஒளியாற்றல் பதினாறு மடங்கு. ஆகவே ஒரு விண்மீன் சிவப்பாகவும் இருந்து, பேரொளியும் வீசினால், அதன் பரப்பு மிகப் பெரிசாகத்தான் இருக்கவேண்டும். தெரியவேண்டியவை இரண்டுதான்: உண்மையான பிரகாசம், மேற்பரப்பின் வெப்பநிலை.

நம்மூருக்கு வானாய்வு புதிதல்ல; சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இலேயே இங்கு வானாய்வகம் கண்டார். பிரகாசத்துக்கு இன்றும் வழங்கும் அளவுகோலை 1856-இல் வகுத்த போக்சன், 1861 முதல் 1891-இல் மறையும்வரை சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்தார். அங்கே அவருக்கு உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல், ஒளி கூடிக்குறையும் 'ஆர் ரெட்டிகுலி' என்ற விண்மீனைத் தென்வானில் கண்டுபிடித்தவர் இவரே.

தொலைவு தெரிந்தால் கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்திலிருந்து உண்மைப் பிரகாசம் கிடைத்துவிடும். வெப்பநிலைக்கு வழிகாட்டியவர் மேகநாத் சாகா. நிறமாலைக் கோடுகளிலிருந்து விண்மீனின் வெப்பத்தை அறியும் கோட்பாட்டை அவர் 1920-இல் வெளியிட்டார்.

இனி கணக்கு. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,800 கெல்வின். திருவாதிரை சுமார் 3,500. அதாவது, சம பரப்பில் சூரியன் தரும் ஒளியாற்றலில் எட்டில் ஒரு பங்கே அது தரும். ஆனால் மொத்த ஒளியாற்றலோ ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு! அப்படீன்னா பரப்பு எட்டு லட்சம் மடங்கு. வர்க்கமூலம் எடுத்தால் விட்டம் சுமார் 900 மடங்கு. தொலைவில் ஐயம் இருப்பதால் 750 அளவிலும் மதிப்பிடுகிறார்கள். இவ்வகைக் கணக்கால் எடிங்டன் முன்கூட்டிச் சொன்ன தோற்ற அளவை, 1920 டிசம்பரில் மைக்கேல்சனும் பீசும் நேரடியாக அளந்தபோது, முடிவு நெருங்கியே வந்தது.

ரகுநாதாச்சாரி கண்ட விண்மீனும், வீங்கிச் சுருங்கும் ஒரு சிவப்பு ராட்சசன்தான். அவர் காலத்தில் அதன் பிரகாசம் மட்டுமே அளக்கக் கூடியதாக இருந்தது. அளவை அறியும் வழி பின்னால்தான் வந்தது. போக்சன் பெயர் பாடநூலில் நிற்கிறது. ரகுநாதாச்சாரி பெயரை நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். களி பரிமாறும்போது சொன்னால்கூடப் போதும்.