பற்றீரியா விழுங்கிகளின் விருந்துவழங்கி வீச்சு

பற்றீரியாக்களைத் தொற்றி அவற்றினுள் பெருகும் வைரசுகள் பற்றீரியா விழுங்கிகள், சுருக்கமாக, பேஜ்கள். இரணைமடுக் குளத்து நீர், வவுனியா வயற்சேறு எனப் பற்றீரியா வாழும் இடமெல்லாம் இவையும் உண்டு. ஆனால் ஒரு பேஜ் கண்ட பற்றீரியாவை எல்லாம் தொற்றாது. பெரும்பாலும் ஓர் இனத்தின் சில வகைகளோடு நின்றுவிடும். அந்த எல்லையே விருந்துவழங்கி வீச்சு.

எல்லையை முதலில் வகுப்பது பேஜின் வால்நுனிப் புரதம். அது பற்றீரியாவின் மேற்பரப்பிலுள்ள வாங்கியுடன் பொருந்தினால்தான் டிஎன்ஏ உள்ளே போகும். ஈ. கோலையைத் தொற்றும் லம்டா பேஜுக்கு அந்த வாங்கி லாம்-பி என்னும் புரதம். ஜஸ்டின் மேயர் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், லாம்-பி அருகிப்போன பற்றீரியாக்களிடையே வளர்க்கப்பட்ட லம்டா, ஓம்ப்-எஃப் என்ற வேறொரு புரதத்தைப் பற்றத் தொடங்கியது. இதற்கு, வால்நுனிப் புரதத்துக்கான ஜே மரபணுவில் நான்கு விகாரங்கள் ஒன்றுசேர வேண்டியிருந்தது, மூன்று போதவில்லை.

நுழைந்துவிட்டால் மட்டும் போதாது. வாந்திபேதிக் கிருமியைத் தாக்கும் ஐசிபி1 பேஜ் வங்காளதேச நோயாளிகளின் மலமாதிரிகளில் கண்டறியப்பட்டது. அதன் பெருக்கத்தைத் தடுக்கும் பிஎல்இ என்ற மரபணுத்தீவு சில கிருமிகளிடம் உண்டு. வழமையாகப் பற்றீரியாவின் தற்காப்பு ஆயுதமான கிறிஸ்பர், வியப்பாக, ஐசிபி1இன் சில வகைகளிடம் இருக்கிறது. 2013இல் வெளியான ஆய்வின்படி, அவை அதைக்கொண்டு அந்தத் தீவையே வெட்டுகின்றன. இலக்குப் பொருந்தாதபோது, வெட்ட வேண்டிய இடத்தை அடையாளம் காட்டும் புதிய இடைத்துண்டுகளைக் கிறிஸ்பரில் சேர்த்துக்கொண்டு மறுபடியும் தொற்றுகின்றன.