உச்சி சாயும் நேரமும் புவியின் ஓட்டமும்

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகே அமைந்த கச்சிராயபாளையத்தில், பிப்ரவரி நடுவில் சூரியன் உச்சிக்கோட்டைக் கடப்பது ஏறத்தாழ 12.29 மணிக்கு, நவம்பர் தொடக்கத்திலோ 11.58க்கே கடந்துவிடுகிறது. உச்சி சாய்ந்ததும் லுஹர் நேரம் தொடங்குவதால், பள்ளிவாசலின் தொழுகை நேர அட்டவணையிலும் இந்த அரைமணி வேறுபாடு பதிவாகிறது.

இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, புவியச்சின் சாய்வு. மற்றொன்று, புவியின் பாதை நீள்வட்டமாயிருத்தல். ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கும் புவிக்கும் இடைத்தூரம் 14.71 கோடி கி.மீ.; புவியின் வேகம் நொடிக்கு 30.29 கி.மீ. ஜூலைத் தொடக்கத்தில் தூரம் 15.21 கோடி கி.மீ.; வேகம் 29.29 கி.மீ. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்ததாகலின், ஜனவரியில் அது ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதி. வட்டப் பாதையில் ஈர்ப்பு விசை செல்லும் திசைக்குச் செங்குத்தாகவே இருக்கும், வேகம் மாறாது. நீள்வட்டத்திலோ, நெருங்கும்போது அது கோளை முன்னிழுக்கிறது, விலகும்போது பின்னிழுக்கிறது. நிலை ஆற்றலில் குறைவது இயக்க ஆற்றலில் கூடுகிறது. இரண்டின் கூட்டுத்தொகை மாறுவதில்லை.

இச்சீரற்ற ஓட்டத்தை அளந்தவர்களுள் நம் முன்னோர்க்குச் சிறப்பிடம் உண்டு. சூரியன் மிகத் தொலைவில் தோன்றும் புள்ளியை அவர்கள் ‘அவ்ஜ்’ என்றனர். ரக்காவில் வானை ஆராய்ந்த அல்பத்தானி (மறைவு 929), தாலமியின் காலத்திலிருந்து அப்புள்ளி இடம்பெயர்ந்திருப்பதைக் கண்டார். 11ஆம் நூற்றாண்டில் தொலேதோவின் அல்ஸர்காலி, விண்மீன்களை நோக்கவும் அது நகர்கிறதென நிறுவினார். திமிஷ்க் உமையாப் பள்ளியின் நேரக்கணிப்பாளர் இப்னுஷ் ஷாத்திர் 1371இல் அங்கு நிழற்கடிகாரம் அமைத்தார்.

ஆயினும், நீள்வட்டத்தையும் அவர்களே கண்டனர் என்று உரைப்பது உண்மைக்கு மாறாகும். அவர்களின் கணிதம் வட்டங்களின் மேல் நின்றது. நீள்வட்டத்தை 1609இல் வெளியிட்டவர் கெப்ளர். ஈர்ப்பு விசையால் அதனை 1687இல் விளக்கியவர் நியூட்டன். ஆற்றல் பற்றிய கருத்து தெளிவுற்றது 19ஆம் நூற்றாண்டில். 1543இல் வெளிவந்த தம் நூலில் கோப்பர்நிக்கஸ், அல்பத்தானியையும் அல்ஸர்காலியையும் பெயர் கூறிக் குறிப்பிடுகிறார். பிறர் பங்கை மறையாத அந்த நேர்மை நமக்கும் உரியதே. முன்னோர் செய்ததை உள்ளபடி உரைத்தாலே அவர்களின் பெருமை நிற்கும். செய்யாததைச் சேர்த்தால், செய்ததையும் உலகம் ஐயுறும்.